பேங்காக், ஜோகூர், சிங்கப்பூர்: அறுவைக்குப் பிறகு வரும் இரண்டாவது பில் யார் தலையில்?

அழகுக்காக இருக்கட்டும், பாலினத்துக்கு ஏற்ப உடலை மாற்றிக்கொள்வதற்காக இருக்கட்டும், அறுவைக்குத் தயாராகும் எவரும் முதலில் கேட்பது, "இன்சூரன்ஸ் கவர் பண்ணுமா?" பண்ணாது. சிங்கப்பூர் அரசின் கட்டாய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் அழகு அறுவை ஒரு வரி, பாலின மாற்ற அறுவை இன்னொரு வரி. அதன்மேல் தனியார் நிறுவனங்கள் விற்கும் ஷீல்டு திட்டங்களும் பெரும்பாலும் அதே வழிதான். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஒப்பிட வேண்டிய பில் இரண்டாவதாக வருவது. வயிற்றில் இறுக்கித் தைத்த இடம் பன்னிரண்டாம் நாள் பிரிகிறது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறுகிறது. மார்பில் வைத்த இம்ப்ளாண்டைச் சுற்றிச் சீழ் கட்டுகிறது. முதல் பில்லை நாம் தெரிந்தே, சேர்த்து வைத்தே, பேரம் பேசியே கட்டுகிறோம். இரண்டாவதற்கு விலைப்பட்டியலே கிடையாது. ஆனாலும் பேங்காக்கில் இவ்வளவு, தென்கொரியாவின் சோலில் இவ்வளவு, ஆர்ச்சர்டு ரோட்டில் இவ்வளவு என்று எல்லாரும் முதல் பில்லைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மருத்துவமனை ஒன்றின் பில் பிரிவில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். இரண்டாவது பில்லிலிருந்து கணக்கைத் தொடங்கினால் வரிசை வேறாகிவிடும் என்பது அங்கே பழகிய பாடம்.

விலக்கு எவ்வளவு தூரம் நீளும்?

மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரில் நடப்புக்கு வந்தது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரும் அதில் இருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய் என்று யாரையும் தள்ளுவதில்லை. ஆண்டுக்கான உச்சவரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நல்ல திட்டம், சந்தேகமில்லை. விலக்குப் பட்டியலும் கல்லில் வெட்டியதல்ல. தற்கொலை முயற்சி, போதைப் பழக்கம் தொடர்பான சிகிச்சைகள் ஒருகாலத்தில் அந்தப் பட்டியலில் இருந்தன. 2021 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். பாலின மாற்ற அறுவையை எடுக்கவில்லை. அடையாள அட்டையில் பாலினத்தை மாற்ற வேண்டுமானால் அறுவை முடிந்ததற்கு ஆதாரம் கேட்கிறது அரசு. அதே அறுவையை மூக்கு நிமிர்த்துவதோடு சேர்த்து 'தேவையற்றது' வரிசையில் நிறுத்துகிறது காப்புறுதி. இந்த இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் யோசித்திருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி சிக்கல்கள். பில் பிரிவில் இவற்றை நான் மூன்றாகப் பிரித்துப் பார்த்துப் பழகியிருக்கிறேன்.

முதல் வகை, வந்த பலன் சரியில்லை என்று திரும்பச் செய்வது: இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை, தழும்பு தடித்துவிட்டது, இம்ப்ளாண்டைச் சுற்றி உறை இறுகிவிட்டது. அறுவையே விலக்கு என்றால் அதன் திருத்தமும் விலக்கு. இதற்குக் காசு வரும் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

இரண்டாவது வகை, உயிருக்கே ஆபத்தானது: நுரையீரலில் ரத்தக்கட்டி, ரத்தத்தில் தொற்று, நிற்காத ரத்தக்கசிவு. இதற்கு மருத்துவமனை அவசியமா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் பணம் வருமா என்பது உங்கள் பாலிசியில் உள்ள நாலைந்து சொற்களைப் பொறுத்தது. சில பாலிசிகளில் விலக்கு வரி 'அழகு அறுவை' என்பதோடு முடிந்துவிடும். சிலவற்றில் 'அதனால் நேரடியாகவோ மறைமுகமாகவோ எழும் சிக்கல்களும்' என்று வால் நீளும். வால் இல்லாத பாலிசியில் வாதாட இடம் உண்டு. வால் இருந்தால் ஐசியூவில் படுத்தாலும் அது அறுவையின் கணக்கில்தான் போகும்.

மூன்றாவது வகையைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆண்டுகள் கழித்து வருவது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள மார்பக இம்ப்ளாண்டுகளோடு தொடர்புள்ள ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் உண்டு. அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளாண்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பத்து ஆண்டு கழித்து அப்படி ஒன்று வந்தால் அது புற்றுநோயா, அறுவையின் சிக்கலா? இரண்டும்தான். அதனால் இம்ப்ளாண்டோடு கொடுக்கும் அட்டையை, நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் உள்ள அந்தச் சின்ன அட்டையை, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

ஏஜெண்டு சொன்னது போதாது

என் சின்னம்மா மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்த வயிற்றைச் சரிசெய்துகொள்ள நினைத்தாள். தன் ஏஜெண்டை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, ஆப்பரேஷனுக்கு நான் கைக்காசு போட்டுக்கறேன். அப்புறம் இன்ஃபெக்‌ஷன் ஏதாவது ஆகி ஆஸ்பத்திரில படுத்தா ஷீல்டு பிளான்ல வருமா?"

"அது கேஸ் பை கேஸ்தான்மா. எமர்ஜென்சின்னா மோஸ்ட்லி வரும். நீ கவலைப்படாதே."

அவர் பொய் சொல்லவில்லை, நல்ல மனிதர். ஆனால் 'மோஸ்ட்லி' என்ற சொல்லுக்கு பில் பிரிவில் மதிப்பு கிடையாது. நான் அவளை நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன், கேள்வியை இப்படி வைத்து: "மருத்துவக் காரணம் இல்லாமல், என் விருப்பத்தின்பேரில், வயிற்றுச் சீரமைப்பு அறுவை செய்துகொண்டு, அதன்பின் 30 நாளுக்குள் காயத் தொற்று அல்லது ரத்தக்கட்டிக்காக அரசாங்க மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால், அந்த அனுமதிக்கான செலவை என் பாலிசி ஏற்குமா? இல்லையென்றால் எந்த விதியின்படி?" கடைசி வாக்கியம்தான் முக்கியம். விதி எண்ணைக் கேட்டால் பதில் எழுதுபவர் பாலிசியைத் திறந்து பார்த்தாக வேண்டும். அவளுக்கு வந்த பதில், அறுவையோடு தொடர்புள்ள எந்த அனுமதியும் விலக்கு என்று, விதி எண்ணோடு. வருத்தம்தான். ஆனால் முடிவெடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

இங்கேயே இன்னொன்று. மருத்துவமனையில் சேரும்போது காப்புறுதி நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தந்துவிட்டது, முன்பணம் கட்டச் சொல்லவில்லை என்றால் பலரும் காசு வந்துவிட்டதாகவே நினைத்துவிடுகிறார்கள். அந்தக் கடிதம் முன்பணத்துக்கு மட்டும்தான் பதில். கோரிக்கையை நிறுவனம் பின்னால் பரிசீலிக்கும். நிராகரித்தால் முழு பில்லும் வீட்டுக்கு வரும். வீட்டுக்குப் போய் மூன்று வாரம் நிம்மதியாக இருந்தவர் கையில் கடிதத்தோடு கவுண்டருக்கு வந்து நிற்பது அங்கே புதிதல்ல.

நிறுவனம் எதைப் பார்த்து நிராகரிக்கிறது? மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது தரும் சுருக்கக் குறிப்பின் முதல் வரியைப் பார்த்து. "வயிற்றுச் சீரமைப்பு அறுவைக்குப் பின் 12ஆம் நாள், வெளிநாட்டில் செய்தது, காயத்தில் தொற்று" என்று இருந்தால் மற்றது எல்லாம் அதிலிருந்தே ஓடும்.

அதற்காக அந்த வரியை மறைக்கலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பொய்க் கோரிக்கை குற்றம் என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய காரணம் மருத்துவம் சார்ந்தது. வெளிநாட்டில் அறுவை செய்துகொண்டு திரும்பியவர்களின் காயங்களில் சாதாரணத் தொற்றுக் கிருமிகளோடு, காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகளும் வருவதுண்டு. வாரக்கணக்கில் தூங்கிக் கிடந்து பிறகு எழும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது. மாதக்கணக்கில் மருந்து வேண்டும். எங்கே, எப்போது, என்ன செய்தீர்கள் என்று அவசர சிகிச்சைப் பிரிவில் சொல்லாவிட்டால் அந்தச் சோதனையைக் கேட்கவே மருத்துவருக்குத் தோன்றாமல் போகலாம். காசு போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

எங்கே செய்துகொள்வது

பேங்காக்கிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அதிகம் பேசப்படுவது. பேக்கேஜ் விலையில் அறுவை, மருத்துவமனை இரவுகள், விமான நிலையக் கார், பின்பார்வை எல்லாம் இருக்கும். 'திருத்தம் இலவசம்' என்றும் இருக்கும். பெரும்பாலும் அதன் பொருள் அறுவை நிபுணரின் கட்டணம் மட்டும் இலவசம் என்பதே. மயக்க மருந்து, அறுவை அறை, படுக்கை, மறுபடியும் விமான டிக்கெட், மறுபடியும் ஹோட்டல், மறுபடியும் விடுப்பு, இவை உங்களுடையவை. பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்பார்கள். சிகிச்சைக்காகவே போகும் பயணத்தில் அந்தச் சிகிச்சையையும் அதன் விளைவையும் பயணக் காப்புறுதிகள் பொதுவாகத் தொடுவதில்லை. மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்கே கிடையாது. ஷீல்டு திட்டங்கள் பலவற்றில் வெளிநாட்டில் நேரும் அவசரத்துக்கு இடம் உண்டு. திட்டம்போட்டுச் செய்துகொண்டதன் தொடர்ச்சியை அவசரம் என்று ஏற்க வைப்பது பெரும்பாடு. சுருக்கமாக, பேங்காக்கில் இருக்கும் வரை இரண்டாவது பில் முழுக்க உங்களுடையது, பேக்கேஜ் எழுத்தில் ஏற்றுக்கொண்ட பகுதி நீங்கலாக.

ஆனாலும் பேங்காக்கைத் தள்ளிவிட மாட்டேன். சில அறுவைகளுக்கு அங்கே இருக்கும் கைப்பழக்கம் இங்கே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

சோல் இதே கதைதான், விமானம் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல். பெரிய அறுவைக்குப் பிறகு அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து வருவது காலில் ரத்தம் உறைவதற்கு வழி.

ஜோகூர் பாரு விசித்திரமான நடுத்தரம். விலை குறைவு, மொழி பிரச்சினை இல்லை, முக்கியமாக, அறுவை செய்த அதே மருத்துவரிடம் விமானம் ஏறாமல் திரும்பிப் போகலாம். காயத்தில் நீர் கட்டியது, ஒரு தையல் விட்டது என்ற அளவிலான சின்னச் சிக்கல்களுக்கு இது பெரிய லாபம். ஆனால் வயிற்றில் புதுத் தையலோடு வெள்ளிக்கிழமை மாலை எல்லைப் பாலமான காஸ்வேயில் மூன்று மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்து பாருங்கள், அந்த லாபம் எவ்வளவு என்று தெரியும். இரவு இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் நீங்கள் சோதனைச்சாவடியைத் தாண்டப்போவதில்லை, 995ஐத்தான் அழைப்பீர்கள். ஆம்புலன்ஸ் ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனைக்கோ உட்லண்ட்ஸ் மருத்துவமனைக்கோ கொண்டுபோகும். பெரிய சிக்கல் என்றால் ஜோகூரும் பேங்காக்கும் ஒன்றே: பில் இங்கே, அறுவைக் குறிப்பு அங்கே. 2010 முதல் மலேசியாவில் சில மருத்துவமனைகளில் நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். அது அனுமதி பெற்ற ஏற்பாட்டில், மருத்துவக் காரணமுள்ள சிகிச்சைக்கு. அழகு அறுவைக்கல்ல.

சிங்கப்பூர் தனியார் கிளினிக்குகளில் விலை கூடுதல். அந்தக் கூடுதலுக்கு என்ன வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். இத்தனை நாளுக்குள் ரத்தம் கட்டினாலோ தொற்று வந்தாலோ மறுபடி அறுவை அறைக்குக் கொண்டுபோகும் செலவு பேக்கேஜில் இருக்கிறதா, எத்தனை நாள், மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும் சேர்த்தா, மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால் எங்கே மாற்றுவார்கள், அங்கே முன்பணம் யார் கட்டுவது என்று எழுத்தில். நல்ல கிளினிக் இதற்கு முகம் சுளிக்காது. "அதெல்லாம் வராதுங்க" என்று பதில் வந்தால் அடுத்த கிளினிக்கைப் பாருங்கள். இங்கே செய்வதில் இன்னொரு வசதி, பேக்கேஜில் சொன்னதைச் செய்யாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பேங்காக் கிளினிக்கை அங்கே இழுத்து வந்து நிறுத்துவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

மருத்துவரின் தொழில்முறைக் காப்புறுதியை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அவருடைய அலட்சியத்துக்கு; சிக்கலுக்கு அல்ல. எல்லாம் சரியாகச் செய்தும் தொற்று வரலாம். 2022 ஜூலை முதல் மருத்துவ ஆலோசனையின் தரத்தை எப்படி அளப்பது என்று சிவில் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அபாயங்களை விளக்கினார், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள் என்றால் வழக்கு மெலிந்துவிடும். மருத்துவ மன்றத்தில் புகார் கொடுத்தால் மருத்துவர் மீது நடவடிக்கை வரலாம். உங்கள் பில்லுக்குக் காசு வராது.

அரசாங்க மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளும் தனியார் கட்டணத்தில் அழகு அறுவைகள் செய்கின்றன. பலருக்கு இது தெரிவதே இல்லை. காத்திருக்க வேண்டும், கட்டணம் சலுகை இல்லாதது, சோபாவும் காப்பியும் இல்லாத வரவேற்பறை. ஆனால் ஐசியூ மேல் மாடியில், தொற்றுநோய் நிபுணர் அடுத்த வார்டில், உங்கள் அறுவைக் குறிப்பு அதே கணினியில். இரண்டாவது பில் வந்தாலும் அதில் ஆம்புலன்ஸ் மாற்றமும் மறுபடி எடுக்கும் ஸ்கேன்களும் இருக்காது. என் சின்னம்மா மகள் கடைசியில் இதைத்தான் எடுத்தாள். வயிறு, தொடை, மார்பு மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்று வேறோர் இடத்தில் சொன்னதை விட்டுவிட்டு, வயிறு மட்டும். எனக்கு நிம்மதி. நீண்ட மயக்கம், நீண்ட படுக்கை, இவற்றோடு சிக்கலின் வாய்ப்பும் நீளும்.

குடிமகனோ நிரந்தரவாசியோ இல்லாதவர்களின் நிலை வேறு. எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலையிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. பெரிய தொகைதான். ஆனால் மெடிஷீல்டு அடித்தளம் கிடையாது. அழகு அறுவையின் தொடர்ச்சிக்கு அந்தப் பாலிசியை நம்பித் திட்டம் போடாதீர்கள். மனிதவளப் பிரிவில் கேட்பதற்கு முன், முதலாளிக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காரணம் இருந்தால் கதவு திறக்கும்

இமை தொங்கிப் பார்வையை மறைக்கிறது. மூக்கின் நடுச்சுவர் வளைந்து மூச்சு அடைக்கிறது. மார்பின் பாரத்தால் முதுகும் தோளும் ஓயாமல் வலிக்கிறது. இவை அழகுப் பட்டியலில் வர வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் அறுவைப் பட்டியலில் குறியீட்டு எண் இருந்து, மருத்துவ அவசியம் ஆதாரத்தோடு பதிவாகியிருந்தால் மெடிசேவும் (அறுவை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து 250 வெள்ளியிலிருந்து 7,550 வரை), மெடிஷீல்டும், ஷீல்டு திட்டமும் கைகொடுக்கும். முக்கியமாக, அதன்பின் வரும் சிக்கலும் ஏற்கப்பட்ட சிகிச்சையின் சிக்கலாகிவிடும். புற்றுநோய்க்காக மார்பை எடுத்தவருக்குச் செய்யும் மறுசீரமைப்பும் இந்தப் பக்கம்தான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. "எப்படியும் மயக்கம் கொடுக்கப் போறாங்க, கூடவே மூக்கையும் கொஞ்சம் நிமித்திக்கலாமே" என்ற ஆசை. செய்யலாம், பில்லை இரண்டாகப் பிரிப்பார்கள். நடுச்சுவருக்கு ஒரு வரி, வெளி வடிவத்துக்கு இன்னொரு வரி, மயக்க மருந்துக் கட்டணம் நேரக் கணக்கில் பங்கு. பில்லைப் பிரித்துவிடலாம். மூன்றாம் நாள் மூக்கிலிருந்து நிற்காமல் வரும் ரத்தத்தை எந்த வரியில் எழுதுவது? நிறுவனம் தனக்கு வசதியான வரியில் எழுதும். காப்புறுதியை எதிர்பார்த்துச் செய்யும் அறுவையில் ஆசைக்கான அறுவையைக் கலக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு மயக்கம் செலவுதான். ஆனால் எந்தச் சிக்கல் எதனுடையது என்பதில் குழப்பம் வராது.

காரணமே இல்லாததற்குக் காரணம் எழுதித் தருகிறேன் என்று ஒரு மருத்துவர் முன்வந்தால் அவரிடமிருந்து எழுந்து வாருங்கள். பொருந்தாத கோரிக்கைகளை அமைச்சு இப்போது துருவிப் பார்க்கிறது. மெடிஷீல்டு, மெடிசேவ் கோரிக்கை அனுப்பும் அங்கீகாரத்தை இழந்த மருத்துவரின் நோயாளியாகப் பின்னால் நிற்பது சுகமல்ல.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும்

இந்த ஊரில் பாலின மாற்ற அறுவை வெகு முன்பே தொடங்கியது. 1971 ஜூலையில் கண்டாங் கர்பாவ் மருத்துவமனையில், பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் செய்தார், இலங்கையில் பிறந்த தமிழர். 1996இல் மாதர் சாசனம் என்ற சட்டம் திருத்தப்பட்டு, அறுவை செய்துகொண்டவர்களின் திருமணமும் செல்லுபடியானது. அப்படித் தொடங்கிய ஊரில் இன்று பெரும்பாலோர் பேங்காக்குக்கு டிக்கெட் போடுகிறார்கள்.

உட்லண்ட்ஸில் இருக்கும் ஓர் அக்கா இதைப் பற்றி என்னோடு மணிக்கணக்கில் பேசியிருக்கிறார். விலக்கு வரியை நான் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது: "ஏம்மா, ரத்தம் கட்டுனா அது ரத்தம் கட்டுனதுதானே? அது ஆம்பளையா பொம்பளையான்னு ரத்தத்துக்குத் தெரியுமா?" ரத்தத்துக்குத் தெரியாது. பாலிசிக்குத் தெரியும். அறுவைக்குப் பின் கட்டியதா, ஹார்மோன் எடுக்கும்போது கட்டியதா, சும்மா நீண்ட விமானப் பயணத்தில் கட்டியதா என்று காரணத்துக்குக் காரணம் வேறு பதில். பாலின மாற்ற அறுவைக்கான விலக்கு ஹார்மோன் எடுப்பவரின் எல்லா நோயையும் விழுங்கிவிடக் கூடாது. அவருடைய குடல்வால் அழற்சி குடல்வால் அழற்சிதான். அப்படி நீட்டி நிராகரித்தால் சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம்.

பெண்ணுறுப்பு உருவாக்கும் அறுவைக்குப் பேங்காக்கையே சொல்வேன், இரண்டாவது பில்லின் கணக்கிலும். காரணம் இது: இந்த அறுவையில் வரும் சிக்கல்கள், பாதை சுருங்குவது, மலக்குடலோடு துளை விழுவது போன்றவை, இதையே தொழிலாகச் செய்யும் கை தேவைப்படுபவை. அவசரத்தை இங்கே யாரும் சமாளிப்பார்கள், உயிரைக் காப்பார்கள். செப்பனிட மறுபடி அங்கேதான் போக வேண்டியிருக்கும். அதனால் மருத்துவர் மூன்று, நான்கு வாரம் தங்கச் சொன்னால் முழுதாகத் தங்குங்கள். ஹோட்டல் காசை மிச்சம் பிடித்து இரண்டாவது வாரமே திரும்புகிறவர்கள், அறுவை செய்தவர் பார்த்திருக்க வேண்டிய சிக்கலை இங்கே அவசர சிகிச்சைப் பிரிவில், முழுக் காசுக்கு, அறிமுகமில்லாதவரிடம் காட்டுகிறார்கள். கிளம்பும் முன் அறுவைக் குறிப்பை ஆங்கிலத்தில் வாங்குங்கள்: எந்த முறை, எந்தத் திசு, என்ன மருந்து. இங்கே பின்பார்வைக்கு ஒரு மருத்துவரை முன்பே பேசி வையுங்கள். போன பிறகு தேடினால் "வேறொருவர் செய்ததை நான் தொடமாட்டேன்" என்ற பதிலை நிறையக் கேட்பீர்கள்.

திருநம்பியருக்குக் கணக்கு வேறு. மார்பு அறுவையைத் தூரத்தில் போய்ச் செய்துகொள்ள வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் கட்டுவது முதல் ஓரிரு நாளில் வருவது, மருத்துவர் பக்கத்தில் இருப்பது நல்லது. கருப்பையை எடுப்பதில், நார்க்கட்டியோ அதிக உதிரப்போக்கோ உண்மையிலேயே இருந்தால் அது மகளிர் மருத்துவக் கணக்கு. அதைத் தனியாக, முறையாகப் பதிவுசெய்து செய்யுங்கள். ஆணுறுப்பு உருவாக்குவது பல கட்டங்களில் நடப்பது, சிறுநீர்ப் பாதையில் கசிவும் அடைப்பும் சகஜம். அதற்குப் பேக்கேஜ் விலை என்பதே ஏமாற்று. குறைந்தது இன்னொரு பயணத்தையும் இன்னொரு அறுவையையும் சேர்த்துத்தான் விலை.

காசு எவ்வளவு ஒதுக்குவது

அமெரிக்காவில் காஸ்மெட்அஷ்யூர் என்று ஒன்று உண்டு. அழகு அறுவையின் சிக்கலுக்கென்றே, அறுவை மருத்துவர் மூலமாக, அறுவைக்கு முன் எடுப்பது. சில நாடுகளின் மருத்துவமனைகளும் பேக்கேஜோடு அப்படி ஒன்றை விற்கின்றன. கிடைத்தால் கேளுங்கள். எத்தனை நாள், சிங்கப்பூரில் செய்யும் சிகிச்சைக்குத் தருமா என்ற இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் எழுத்தில் வராவிட்டால் பயனில்லை.

மற்றபடி காப்புறுதி உங்கள் சேமிப்புக் கணக்குதான். என் அளவுகோல்: சிங்கப்பூரில் செய்தால் பேக்கேஜ் விலையில் மூன்றில் ஒரு பங்கு, வெளிநாட்டில் செய்தால் பாதி, ஓராண்டுக்குத் தொடாமல். அந்தப் பணம் இல்லையென்றால் அறுவையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். தவணை முறையில் முதல் பில்லைக் கட்டிக்கொண்டே இரண்டாவதைச் சந்திப்பது கொடுமை. குடிமக்களுக்குக் கடைசியாக, அரசின் உதவி நிதியான மெடிஃபண்டு இருக்கிறது, 1993 முதல். மருத்துவமனையின் சமூகப் பணியாளர் மூலம் விண்ணப்பிக்கலாம். சூழ்நிலையைப் பார்த்துத் தருவது அது, கேட்டதும் கிடைப்பதல்ல.

அறுவைக்கு முன்பு ஷீல்டு நிறுவனத்தை மாற்றாதீர்கள். பின்பு மாற்றினால் செய்துகொண்டதைச் சொல்லியாக வேண்டும். மார்பில் இம்ப்ளாண்டு இருக்கிறது என்றால் அதன் தொடர்பானதைப் புதிய நிறுவனம் ஒதுக்கிவைக்கலாம். பழைய பாலிசியில் வால் இல்லாத விலக்கு வரி இருந்தால் அதைப் பொன்னாகப் பாருங்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் தொலைபேசியில் கெஞ்சி நேரத்தை வீணாக்க வேண்டாம். எந்த விதி என்று எழுத்தில் வாங்கி, சிகிச்சை தந்த மருத்துவரிடம் இது ஏன் மருத்துவ அவசியம், காரணம் என்ன என்று ஒரு குறிப்பு வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் இல்லை என்றால் ஃபிட்ரெக், நிதித்துறைத் தகராறு தீர்வு மையம். அங்கே சமரசப் பேச்சுக்குப் பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ஆக, வயிறு, மார்பு போன்ற பெரிய அழகு அறுவைக்கு அரசாங்க மருத்துவமனையின் தனியார் கட்டணப் பிரிவு. இமை போன்ற சின்னதுக்கு, எழுத்தில் பதில் தரும் உள்ளூர் கிளினிக். ஜோகூர், சின்ன அறுவைக்கும் பொறுமைசாலிக்கும். பேங்காக், கைப்பழக்கம் தேவைப்படும் பாலின அறுவைக்கு, மருத்துவர் சொன்ன நாள் முழுதும் தங்க முடிந்தவருக்கு. ஐந்து நாள் விடுப்பில் மூன்று அறுவை செய்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம் என்று விற்கும் பேக்கேஜை, அது எந்த ஊராக இருந்தாலும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.